நாலு விரல் உயரம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில், சொட்டு மழை இல்லாத ரோட்டில், என் ஜீப் வயிறு தட்டி நின்றுவிட்டது.

ரோடு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோவில்பதாகை ஏரியை ஒட்டி, எங்கள் தெருவிலிருந்து பஸ் போகும் பெரிய ரோடு வரை முக்கால் மைல் மண் தடம். மாட்டு வண்டிகள் இரண்டு பக்கமும் ஆழமாகச் சக்கரம் பதித்து, நடுவில் ஒரு வரப்பை வளர்த்து வைத்திருக்கின்றன. ஜீப்பின் நான்கு சக்கரங்களும் பள்ளத்தில் இறங்க, கியர்பாக்ஸுக்கு அடியில் உள்ள இரும்புத் தகடு வரப்பின் மேல் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது. சக்கரம் சுற்றுகிறது. வண்டி நகரவில்லை.

பக்கத்து சீட்டில் என் மகள் வசந்தா. எட்டாம் மாதம் முடியப் போகிறது. தலைப்பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒரிசா பக்கம் வேலை. அம்பத்தூரில் லேடி டாக்டரிடம் காட்டிவிட்டு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தோம்.

டாக்டர் சொன்னது என் காதிலேயே நின்றது. "குழந்தை இன்னும் தலை திரும்பலை. இனிமே திரும்பும்னு எனக்குத் தோணலை. வீட்டுல பார்த்துக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. வலி எடுத்தா ஒரு மணி நேரத்துல இங்கே இருக்கணும்."

ஒரு மணி நேரம். ஆறு மைல். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? அதில் முதல் முக்கால் மைலிலேயே நான் சக்கரத்தைச் சுற்றவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதுவும் காய்ந்த ரோட்டில். ஐப்பசி பிறக்கப் போகிறது. ஏரி நிரம்பினால் இந்தத் தடத்தின் நடுவில் உள்ள மதகுப் பள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பது எனக்குத் தெரியும். போன வருஷம் என் வேட்டி நனைந்த உயரத்தை வைத்துச் சொல்கிறேன்.

அந்த நேரம் பார்த்து எதிர் வீட்டு ஏகாம்பரம் ஷிஃப்ட் முடிந்து, கூட்டாளிகளோடு வந்துகொண்டிருந்தார். ஆவடியில் தொழிற்சாலை வேலை. வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார்.

"இன்னா சார், வண்டி அடை காக்குதா?"

ஆறு பேர் சேர்ந்து தூக்கி நகர்த்திவிட்டார்கள். நன்றி சொன்னேன். ஆனால் அவர்களை ஏற்றிக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு முன்கதை உண்டு.

நான் வாகனப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் குப்பை கொட்டியவன். ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு நம்பர் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்தவன். ஓய்வு பெற்ற பிறகு பட்டாளத்து ஏலத்தில் இந்தக் கிழட்டு ஜீப்பை எடுத்ததை இதே பத்தியில் எழுதியபோது, "இந்த வயசில் இது தேவையா?" என்று உங்களில் பலர் கேட்டிருந்தீர்கள். தேவையில்லைதான். ஏல நடைமுறை எனக்கு மனப்பாடம், மற்றவர்களுக்கு இல்லை. அப்படித்தான் அது என் தலையில் விழுந்தது.

ஜீப் வந்த புதிதில், ஒரு மழை நாளில், ஏகாம்பரம் குடையும் கையுமாக என்னை நிறுத்தினார். "சார், ஆவடி வரைக்கும் எங்கள உட்டுட முடியுமா?" ஆறு பேர் நின்றார்கள். பதிவுப் புத்தகப்படி வண்டிக்கு இருக்கை நாலு என்பதையும், சொந்த வண்டியில் அதற்கு மேல் ஆள் ஏற்றினால் இன்ஷூரன்ஸ் என்ன ஆகும் என்பதையும், பிரிவு எண்ணோடு விளக்கினேன். நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்களுடைய பஸ் போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கேலி மட்டும் உண்டு.

அன்று சாயங்காலம் என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். "அம்பத்தூர்ல என் தங்கச்சி வீட்டுல முன்னாடியே கொண்டு விட்டுடலாமேங்க?" விசாரித்தோம். இரண்டு அறை, எட்டுப் பேர், அதில் ஒருவருக்கு மஞ்சள்காமாலை. அந்தக் கதவு மூடியது. மழையில் டாக்ஸிக்காரர் எங்கள் தடத்துக்குள் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். மாட்டு வண்டி வரும். ஆனால் அம்பத்தூருக்கு ஒரு மணி நேரத்தில் போகுமா?

ஆக, ஜீப்தான். ஜீப் என்றால், அதன் உயரத்தைக் கூட்டியாக வேண்டும்.

எனக்கு ஒரு குணம் உண்டு. கவலை வந்தால் காகிதத்தை எடுப்பேன். இங்கிலீஷ் மோட்டார் புத்தகம் ஒன்றைப் பார்த்து, சஸ்பென்ஷனை உயர்த்தும் வழிமுறைகளை இரண்டு பக்கம் டைப் செய்தேன். வண்டியில் மாற்றம் செய்ய அனுமதி கோரி என் பழைய அலுவலகத்துக்கே மூன்று பிரதிகளில் விண்ணப்பமும் அனுப்பினேன். பிறகு பூந்தமல்லிக்குப் போனேன்.

அங்கே லாரிகளுக்கு ஸ்பிரிங் கட்டும் பட்டறை ஒன்று உண்டு. காசிம் பாய் என்பவருடையது. உலை ஒரு பக்கம், எண்ணெய்த் தொட்டி ஒரு பக்கம், நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக வளைந்த இரும்புப் பட்டைகள். பாய் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"பட்டைங்க எல்லாம் களைச்சிப் போய்க்கீது சார். நிமிர்ந்து படுத்துக்கீது."

டைப் செய்த தாளை நீட்டினேன். அவர் அதை வாங்கி, தலைகீழாக இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொண்டார். "நீயே சொல்லு சார்."

முதல் வழி, அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவில் மரக்கட்டை கொடுப்பது. செலவே இல்லை. "புள்ளத்தாச்சி ஏறற வண்டின்னு சொன்னே. கட்டை நழுவினா அச்சு ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். வேணாம்." இரண்டாவது வழி, ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு மாட்டும் இணைப்பை நீளமாக்குவது. "ஸ்டேரிங்கு சொன்ன பேச்சு கேக்காது. வேணாம்." மூன்றாவது, எல்லாப் பட்டையையும் பிரித்துச் சூடேற்றி, அடித்து வளைத்து, கூட ஒவ்வொரு பட்டை சேர்ப்பது. புதுப் பட்டைக்கு என் பென்ஷன் இடம் தரவில்லை. ஒரு பழைய லாரியின் உடைந்த பட்டையிலிருந்து வெட்டித் தருவதாகச் சொன்னார்.

"எவ்வளவு உயரும் பாய்?"

"நாலு வெரலு. ஆனா ஒடம்புதான் எழும்பும். அச்சு எழும்பாது. அச்சு எழும்பணும்னா பெரிய டயரு போடணும்."

டயர் விலையைக் கேட்டேன். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். தட்டுவது வயிறுதானே?

வேலையைத் தொடங்குமுன் பாய் ஒன்று கேட்டார். "உன் பேப்பர்ல, வண்டியில எத்தினி ஆளுன்னு போட்டுக்கீதா?"

"மூணு பேர். நான், மனைவி, மகள்."

"லாரிப் பட்டை சார். காலியா ஓட்டுனா குதிக்கும். பின்னாடி அஞ்சாறு ஆளு ஒக்காந்தா பல்லாக்கு மாதிரி போவும்."

நான் சிரித்தேன். பிரசவத்துக்கு ஜனவாசம் போவதா? பட்டறைக்காரர்களின் வழக்கமான அளப்பு என்று நினைத்துக்கொண்டேன். சொன்னது காதில் விழாதவன், வேலையில் குறை தேட மட்டும் தவறவில்லை. வேலை முடியும் நேரத்தில், உயரம் கூடினால் பிரேக் ரப்பர் குழாய் இழுபடுமே என்று கேட்டேன். பாய் அதை ஏற்கெனவே மாற்றி, நீளமான குழாய் போட்டிருந்தார். அது என் தாளில் இல்லை.

மறுநாள் வண்டி வந்தது. பள்ளிக்கூட ஸ்கேலை வைத்து அளந்தேன். வரப்புக்கும் வயிற்றுக்கும் நடுவே நல்ல இடைவெளி. ஏகாம்பரம் வாசலில் பல் துலக்கிக்கொண்டே, "வண்டிக்கி காலு மொளச்சிகீது போலக்கீதே" என்றார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

பிறகு சோதனை. என் மனைவி மடியில் ஒரு சொம்புத் தண்ணீரோடு பக்கத்தில் உட்கார, மதகு வரை போய்த் திரும்பினோம். திரும்பும்போது சொம்பில் தண்ணீர் இல்லை. அவள் புடவையில் இருந்தது. "இதுல புள்ளையை உட்கார வெச்சா, வழியிலேயே எல்லாம் முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்கினாள் என்பதுகூடத் தப்பு. குதித்தாள்.

அடுத்து வசந்தாவைக் கூப்பிட்டேன். ஏறிப் பார்க்கட்டும் என்று. ஒரு காலைத் தூக்கினாள். பாதி உயரம்கூட வரவில்லை. கம்பியைப் பிடித்து மறுபடி முயன்றாள். வளைகாப்பு வளையல்கள்தான் குலுங்கின. ஆள் எழும்பவில்லை.

"அப்பா... எல்லாத்தையும் அளந்தீங்களே, என்னை அளந்தீங்களா?"

கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் முகத்தில் வியர்வை. தண்ணீரின் உயரம், வரப்பின் உயரம், வயிற்றுத் தகட்டின் உயரம் எல்லாம் என் நோட்டில் இருந்தன. நிறைமாதப் பெண் எவ்வளவு தூரம் கால் தூக்க முடியும் என்பது எந்தப் பக்கத்திலும் இல்லை. முக்காலி வைத்துப் பார்த்தோம். இளகிய மண்ணில் மூன்று காலும் மூன்று ஆழத்துக்குப் போயின.

அப்போதுதான் பாய் சொன்னது ஞாபகம் வந்தது. பின்னால் எட்டு மூட்டை மணல் ஏற்றினேன். வண்டி ஒன்றரை விரல் தாழ்ந்தது. முக்கி முனகி வசந்தா ஏறிவிட்டாள். சொம்புத் தண்ணீரும் முக்கால்வாசி தங்கியது. நிம்மதிதானே? இல்லை. தாழ்ந்த வண்டியை மதகுப் பக்கம் கொண்டு போய் அளந்தால், போன வருஷத் தண்ணீர் வந்தால் இஞ்சினுக்குள் போய்விடும் என்று நோட்டு சொன்னது.

யோசித்துப் பாருங்கள். மூட்டை இருந்தால் ஏறலாம், குலுங்காது, ஆனால் முழுகும். மூட்டை இல்லாவிட்டால் முழுகாது, ஆனால் ஏற முடியாது, குலுக்கி எடுத்துவிடும். இந்த இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்று இருபது நாள் தினம் காலையும் மாலையும் கணக்குப் போட்டேன். மதகில் ஒரு கம்பு நட்டு, கோடு போட்டு, தண்ணீர் ஏறுவதைப் பார்த்து வந்தேன். மழை பிடித்த பிறகு ஒவ்வொரு நாளும் அது ஒரு கோடு ஏறியது. என் மனைவி என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வசந்தா மட்டும், "வர்றப்போ பார்த்துக்கலாம்ப்பா" என்பாள். நான் மறுபடி நோட்டைத் திறப்பேன்.

போன வாரம் இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு வசந்தா சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி எடுத்துவிட்டது.

நான் மதகுக்கு ஓடினேன். கம்பு இருந்த இடத்தில் கம்பு இல்லை. தண்ணீர்தான் இருந்தது.

திரும்பி வந்து, மணல் மூட்டைகளை இறக்குவதா வேண்டாமா என்று ஜீப்பின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மூட்டையை இறக்கினேன். மறுபடி ஏற்றினேன். உள்ளே என் மனைவி, "மணி எட்டே கால்" என்று சத்தம் போட்டாள்.

ரோடு மூழ்கியதால் அன்று ஷிஃப்டுக்குப் போக முடியாமல் ஏகாம்பரமும் கூட்டாளிகளும் தெருவிலேயே நின்றிருந்தார்கள். அவர் வந்து பார்த்தார்.

"இன்னா சார், மூட்டைய ஏத்தி ஏத்தி எறக்கிக்கினுகீறே?"

சொன்னேன். முழுக் கணக்கையும். தண்ணீரில் வண்டி உயரமாக இருக்க வேண்டும், ஏறவும் குலுங்காமல் போகவும் தாழ்வாக இருக்க வேண்டும், இரண்டும் ஒரே வண்டியில் எப்படி என்று. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தைப் பிரிவு எண் இல்லாமல் விளக்கினேன்.

அவர் கேட்டுக்கொண்டே ஒரு மூட்டையைக் காலால் தள்ளினார்.

"இதுக்கு காலு கீதா சார்?"

"என்ன?"

"மூட்டைக்கு காலு இல்ல. எங்களுக்குக் கீது. பாப்பா ஏறும்போது நாங்க குந்திக்கிறோம், வண்டி தாழும். தண்ணி வந்தா எறங்கிடறோம், வண்டி எழும்பும். தாண்டினதும் ஏறிக்கிறோம். அவ்ளோதான்."

நான் வாயைத் திறந்தேன். எதற்கென்று அவருக்குத் தெரியும்.

"நாலு சீட்டுதான்னு சொல்லப்போறே. நாங்க ஆளா ஏறல சார். மூட்டையா ஏறறோம்."

மூட்டைகள் இறங்கின. ஆறு பேர் ஏறினார்கள். ஏகாம்பரம் வண்டிக்குள் முன்பக்கம் நின்று, "டேய் மச்சான், மொத்தமா முன்னாடி வந்து அழுத்துங்கடா" என்றார். வண்டி தாழ்ந்தது. வசந்தா ஏறினாள். பின்னால் என் மனைவி அவர்கள் நடுவில் நசுங்கி உட்கார்ந்தாள். நான் இஞ்சினின் மின்சாரப் பகுதிமேல் சைக்கிள் ட்யூபைச் சுற்றி, ஃபேன் பெல்ட்டைக் கழற்றினேன். இல்லாவிட்டால் விசிறியே தண்ணீரை வாரி இஞ்சின் மேல் இறைக்கும். இதெல்லாம் என் தாளில் இருந்தது. தாளில் இருந்தது அவ்வளவுதான்.

வண்டி குலுங்கவே இல்லை. பல்லாக்குதான். வசந்தாவின் வளையல் சத்தத்தை வைத்து நான் பள்ளங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

மதகு வந்தது. "மூட்டை எறங்குதுபா" என்று ஒருவர் குரல் கொடுத்தார். ஆறு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் குதித்தார்கள். அந்தக் கணம் ஜீப் எழும்பியதை என் முதுகு உணர்ந்தது. தடம் எது, ஏரி எது என்று தெரியவில்லை. பக்கத்துக்கு மூன்று பேராக நின்று, காலால் தடவி ஓரத்தைக் கண்டுபிடித்து, "நேரா வா சார்... சோத்தாங்கை பக்கம் ஒடி... போதும்" என்று என்னை நடத்திக்கொண்டு போனார்கள். முதல் கியர். காலை எடுக்காதே, கியரை மாற்றாதே, நிறுத்தாதே. கால் வைக்கும் பலகையின் மேல் தண்ணீர் ஏறி என் செருப்பு மிதந்தது. நட்ட நடுவில் இஞ்சின் ஒரு தடவை திக்கியது.

வசந்தா என் தோளைப் பிடித்தாள். பின்னால் என் மனைவி எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. "ஏகாம்பரம்" என்றாள்.

"இங்கதான் கீறேன்மா. தள்ளுங்கடா."

இஞ்சின் மறுபடி பிடித்துக்கொண்டது. ஏறிவிட்டோம். கரையில் நின்று ஏகாம்பரமே ஃபேன் பெல்ட்டை மாட்டினார். நான் சைக்கிள் ட்யூபைப் பிரித்தேன். சொட்டச் சொட்ட ஆறு பேரும் மறுபடி ஏறிக்கொண்டார்கள். அம்பத்தூர் வரை பெரிய ரோட்டின் எல்லாக் குழிகளையும் அவர்கள் கனம்தான் சமாளித்தது. இருக்கை நாலு, ஆட்கள் ஒன்பது. வழியில் ஒரு போலீஸ்காரர் பார்த்தார். அந்தப் பிரிவு எண் ஒரு கணம் என் தொண்டை வரை வந்தது. அவர் வசந்தாவைப் பார்த்துவிட்டுக் கையைக் காட்டி வழி விட்டார்.

ஒன்பது மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நர்ஸ் வசந்தாவை உள்ளே கொண்டு போய்விட்டுத் திரும்பி வந்தாள். சேறும் தண்ணீருமாக வராந்தாவில் நின்ற ஆறு பேரைப் பார்த்தாள்.

"இவங்க எல்லாம் யாரு? சொந்தக்காரங்களா?"

"நாங்க வெயிட்டும்மா" என்றார் ஏகாம்பரம்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் வராந்தாவிலேயே காத்திருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் வசந்தாவின் குரல் கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. ஏகாம்பரம் பீடியைப் பற்றவைக்காமலே விரலில் வைத்திருந்தார். பதினொன்று தாண்டி டாக்டர் வந்தார். பெண் குழந்தை. கால் முதலில் வந்திருக்கிறது. கொஞ்சம் தாமதமாகத்தான் அழுதாளாம். இன்னும் அரை மணி தாமதித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றார்.

பேத்தி பிறந்த எட்டாம் நாளான நேற்று, என் பழைய அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. எனக்குக் கீழே வேலை பார்த்த பையன்தான் கையெழுத்திட்டிருக்கிறான். நான் கற்றுக்கொடுத்த வாசகங்களில், நான் கற்றுக்கொடுத்த மாதிரியே, அனுமதி தராமல் விளக்கம் கேட்டிருக்கிறான். உயர்த்தப்பட்ட வாகனத்தின் நிலைத்தன்மைக்குச் செய்துள்ள ஏற்பாடு யாது?

உண்மையான பதில்தானே எழுத வேண்டும்? ஷிஃப்ட் நாட்களில் காலை ஏழு மணிக்கு என் வாசலில் இப்போது ஆறு பேர் நிற்கிறார்கள். ஆவடி வரை போகும்போது வண்டி துளிக்கூடக் குதிப்பதில்லை. இருக்கை எண்ணிக்கையைக் கூட்டித் தரும்படி தனியாக ஒரு விண்ணப்பம் தயார். மூன்று பிரதிகள்.

விளக்கம் கேட்ட கட்டத்தில் எழுதி அனுப்பிவிட்டேன்: ஏகாம்பரமும் ஐவரும்.